மக்க வேண்டிய உப்பு

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால், நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போய், கடலோர நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக நின்றேன்.

யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "கெமிஸ்ட்ரி" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மட்டும் விடவில்லை. அப்பாவுக்குப் பங்காளி முறை. ஒரு விடுமுறையில் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"ஏலே மகனே, கெமிஸ்ட்ரி சரி. அங்க போயி என்னதான் செய்யிற?"

"உப்பு செய்யிறேன் சித்தப்பா."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உப்பா? தூத்துக்குடியில இருந்து லோடு லோடா பந்தல்குடி வழியாப் போய்க்கிட்டு இருக்கு. லாரிய மறிச்சு ரெண்டு மூடைய எறக்குனா முடிஞ்சு போச்சு. இதுக்கா இத்தன வருசம்?"

"அது கல்லு உப்பு சித்தப்பா. நான் செய்யிறது தண்ணியா இருக்கும்."

"அப்ப ஒழுங்காக் காயலன்னு சொல்லு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அருப்புக்கோட்டை வருவதற்குள் அவருக்கு இதை எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. சாதாரண உப்பில் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன, ஒன்று நேர் மின்சுமை, ஒன்று எதிர். இரண்டும் செங்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக அடுக்கி நிற்பதால்தான் உப்பு கல்லாக இருக்கிறது. ஆனால் செங்கல்லுக்குப் பதில் வேலிக்கருவேல முள்ளை வெட்டி அடுக்கச் சொன்னால்? ஒன்று கிழக்கே நீட்டும், ஒன்று மேற்கே நீட்டும், எந்தக் காலத்திலும் அடுக்காக நிற்காது. அதே மாதிரி கோணல்மாணலான பெரிய துகளைக் கொண்டு உப்பு செய்தால் அது உறையாமல் திரவமாகவே கிடக்கும். அயனித் திரவம் என்று பெயர்.

"முள்ளு அடுக்குற வேலைன்னு சொல்லு," என்றார் சித்தப்பா. அன்றிலிருந்து ஊரில் என் படிப்பு அதுதான்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முன்பே பலர் செய்து வைத்திருக்கிற அயனித் திரவங்களில் நிறைய, கெட்டிக்காரத் திரவங்கள். எதையெதையோ கரைக்கும். ஆனால் வேலை முடிந்து கீழே கொட்டினால் அவை மக்குவதில்லை. மண்ணில் இருக்கும் கிருமிகளுக்கு அதைத் தின்னத் தெரியாது. தண்ணீரில் கலந்தால் மீனுக்கும் ஆகாது. அதனால்தான் என் வழிகாட்டி மேடம் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். ஏற்கெனவே உயிர்கள் தின்று பழகிய பொருள்களைக் கொண்டே இந்த உப்பை வடிவமைக்க வேண்டும். ஒரு பாதிக்குக் கோலின், அது கோழித் தீவனத்திலேயே போடுகிற சத்து. மறு பாதிக்கு அமினோ அமிலம், அதாவது பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற புரதத்தின் துண்டு.

கேட்பதற்குச் சுலபம். அமினோ அமிலத்தை மாற்ற மாற்ற உப்பின் குணமும் மாறும். ஒன்று கருப்பட்டிப் பாகு மாதிரி, குடுவையைக் கவிழ்த்தாலும் இறங்க மாட்டேன் என்று தொங்கியது. ஒன்று நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உறைந்து, "ஒழுங்காக் காய்ந்து" போனது. ஒன்றைக் கூடுதலாகச் சூடாக்கிவிட்டேன். அது கருவாட்டு வாடை அடித்து, எதிர் ஆய்வகத்துக்காரர்கள் எங்கள் கதவில் வந்து யார் சமைக்கிறது என்று கேட்டார்கள். கடைசியில் புரோலின் என்கிற அமினோ அமிலம் கை கொடுத்தது. வெளிர்மஞ்சள் நிறம், விளக்கெண்ணெய் மாதிரி ஒழுக்கு. ஊரிலிருந்து கொண்டுபோன பருத்திமாறை, அதாவது காய்ந்த பருத்திச்செடித் தண்டைப் பொடித்து அதில் போட்டால், மாறைக் கட்டையாக விறைக்க வைத்திருக்கிற பிசின் கரைந்து, நார் தனியாகப் பஞ்சுபோல வந்தது. நாங்கள் அடுப்பெரிக்கிற பருத்திமாறு!

ஆனால் என் ஆய்வேட்டின் தலைப்பில் முதல் சொல்லே "மக்கும்" என்பது. மக்குகிறது என்று நான் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

அதைக் காட்டுகிற முறை எளிமையானது. ஒரு பாட்டிலில் உயிருள்ள மண்ணையும் தண்ணீரையும் போட்டு, என் உப்பைக் கொஞ்சம் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். மண்ணில் இருக்கும் கிருமிகள் உப்பைத் தின்றால் மூச்சு விடும். பாட்டிலுக்குள்ளேயே ஒரு சின்னக் குப்பியில் காரக் கரைசல் இருக்கும், அது அந்த மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவ்வப்போது அளந்தால், எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் ஓட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மண் மட்டும் போட்ட ஒரு பாட்டில். சர்க்கரை போட்ட இன்னொரு பாட்டில், ஏனென்றால் சர்க்கரையை எந்தக் கிருமியும் விடாது.

"பூச்சிமருந்து அதிகம் படாத மண்ணா வேணும்," என்றார் மேடம். "நம்ம கேம்பஸ் மண்ணு பூரா கட்டட இடிபாடு."

"எங்க ஊர் மண்ணு இருக்கு மேடம், நாங்க மருந்தே அடிக்கிறதில்ல," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அன்றே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நம்ம பருத்திக்காட்டு மண்ணு ஒரு டப்பா வேணும்."

"எதுக்குய்யா? அங்க மண்ணு இல்லையா?"

"ஆராய்ச்சிக்கும்மா. பாட்டில்ல போட்டு மூடி வைக்கணும்."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா? காத்துப் போகாமயா?"

"ஆமா, காத்தே போகக் கூடாது."

அம்மா சற்று யோசித்தார். "சரி, நான் பாத்துக்கிடுறேன்," என்றார்.

மண்ணை அப்பாவே கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, மடியில் எவர்சில்வர் டப்பா. வருகிற வழியில் பஸ் கண்டக்டர், என்ன பெருசு பலகாரமா என்று கேட்டிருக்கிறார். மண்ணு என்று அப்பா சொன்னதும் அவர் சாமி காரியமோ என்று நினைத்து, அதற்கப்புறம் ஒன்றும் கேட்காமல், டப்பாவை வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாராம்.

டப்பாவின் வாயில் புதுத்துணி கட்டியிருந்தது. உள்ளே கரிசல், கோலமாவு மாதிரி அவ்வளவு நைஸாக இருந்தது. ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. மேடம் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பவுடர் மாதிரி இருக்கே," என்றார்.

"எங்க பக்கத்து மண்ணு அப்பிடித்தான் மேடம்," என்றார் அப்பா. நாங்கள் இரண்டு பேருமே பெருமையாக நின்றோம்.

அப்பாவுக்கு என் உப்பைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இது மக்கணுமாக்கும்?"

"ஆமாப்பா. மக்குனாத்தான் நான் பாஸு."

"மக்குறதுக்கு ஒரு படிப்பாப்பா? போன வருசம் நம்ம வீட்டுல வெங்காயம் போட்டு வச்சிருந்தோம். யாரும் கேக்கவேயில்ல, அதுவா மக்குச்சு."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பாட்டில்களை மூடினேன்.

முதல் அளவையில் ஒன்றும் இல்லை. இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறது, கிருமிகளுக்குப் புது ஊர், புதுச் சாப்பாடு, பழக வேண்டாமா என்று இருந்தேன். அடுத்த அளவையிலும் ஒன்றும் இல்லை. காரக் கரைசல் போட்டது போட்டபடி இருந்தது. கரைசலைப் புதிதாகத் தயாரித்தேன். மூடிகளை மாற்றினேன். ஒருவேளை குளிர்கிறதோ என்று பாட்டில்களைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி வெயில் விழுகிற பக்கம் வைத்து, அப்புறம் வெயில் அதிகமோ என்று மறுபடி நகர்த்தினேன். எங்கள் ஊரில் பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்ணைக்கூட இப்படிக் கவனித்து நான் பார்த்ததில்லை. மாதம் முடியும்போதும் என் உப்பு ஊற்றிய நாளில் இருந்த மாதிரியே, ஒரு குறைவும் இல்லாமல் இருந்தது.

என் வேலையைச் சரிபார்க்கிற ஆராய்ச்சிக் குழு கூடிய சீக்கிரம் கூட இருந்தது. மேடம் என் வரைபடத்தைப் பார்த்தார். படத்தில் ஒரு கோடு, தரையோடு தரையாக.

"தலைப்புல இருந்து 'மக்கும்'ங்கிற வார்த்தைய எடுத்துரலாமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்தால் மீதி இருப்பது, கோழித் தீவனத்தைப் பருப்போடு சேர்த்து நான் இத்தனை வருஷமாகச் செய்த மஞ்சள் எண்ணெய்.

"சர்க்கரை பாட்டில் என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

அதையும் அளந்திருந்தேன். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? தேர்வு முடிவு ஒட்டியிருக்கிற பலகையில் தன் பிள்ளையின் நம்பரை மட்டும் தேடுகிற அப்பாவைப் போல, நான் என் உப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக் காட்டினேன். சர்க்கரைக் கோடும் தரையோடு தரை. வெறும் மண் போட்ட பாட்டிலும் அதே.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உன் உப்பு மட்டும் பெயில் இல்ல. வகுப்பே பெயில். சர்க்கரையே மக்காத மண்ணை நான் பார்த்ததே இல்ல. இதுல உயிரே இல்லப்பா. உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?"

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்த மண்ண என்னம்மா செஞ்ச?"

"ஏன்யா, வண்டு விழுந்துருச்சா?"

"வண்டா?"

"விழாதே. நல்லாச் சலிச்சு, வெயில்ல காய வச்சு, இரும்புச் சட்டியில போட்டு வறுத்துல்ல குடுத்துவிட்டேன்."

வராண்டாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"மண்ண எதுக்கும்மா வறுத்த?"

"நீதானய்யா சொன்ன, ஒரு மாசம் காத்துப் போகாம மூடி வைக்கணும்னு. பச்சை ரவைய யாராச்சும் ஒரு மாசம் மூடி வைப்பாகளா? பருப்புப் பொடின்னா வறுக்காமயா குடுத்துவிடுறேன்? ஒங்க மேடத்துக்கிட்டப் போற சாமான். நாள்பட்டு பூச்சி நெளிஞ்சா அவுக என்ன நெனப்பாக?"

பூச்சி நெளிய வேண்டும் என்றுதான் நான் கேட்டேன் என்பதை எந்த வாக்கியத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஹாஸ்டலுக்கு அம்மா கொடுத்துவிட்டு இதுவரை ஒரு டப்பாகூடக் கெட்டது கிடையாது. இதுவும் கெடவில்லை. அதுதான் பிரச்சினை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு, "உடனே கிளம்பு. நீயே எடுத்துட்டு வா. உங்கம்மா கையில மட்டும் குடுத்துராத," என்றார். இன்னொரு மாதம் பாட்டிலை ஓட்டி முடிப்பதற்கும் குழு கூடுவதற்கும் சரியாக இருக்கும். இன்னொரு தடவை தப்பினால் அந்த வார்த்தை போய்விடும்.

ஊரில் மழையில்லாத மாதம். காட்டு மண் வெடித்துக் கிடந்தது. ஈரமும் உயிரும் உள்ள மண் வேண்டுமென்றால் எங்கள் குப்பைக்கிடங்கு ஓரம்தான். மாட்டுச்சாணமும் கூளமும் கொட்டி, உரமாவதற்குப் போட்டு வைக்கிற குழி. நான் கரண்டியோடு அங்கே போவதைப் பார்த்து அம்மா வாசலுக்கு ஓடிவந்தார்.

"ஏய்யா, குப்பைக்கிடங்கு மண்ணையா பெரிய காலேசுக்குக் கொண்டு போற? எனக்குத் தலையக் காட்ட முடியுமா?"

"இதுலதாம்மா கிருமி இருக்கும்."

"சொல்லாதய்யா, சத்தமாச் சொல்லாத."

ஆனால் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சித்தப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எதுக்குலே கரண்டி?"

சொன்னேன். இந்தத் தடவை நன்றாகவே புரிந்துகொண்டார். "மக்க வைக்கிற மண்ணு வேணும், அவ்வளவுதான? அதுக்கு ஏன் இந்தக் குப்பையில கை வைக்கிற? ஒங்கப்பன் குப்பையில போட்ட வேப்பங்குச்சி போட்டபடி கெடக்கும். என் குப்பைக்கு வா."

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "ஏலே, யாரு குப்பைய யாரு சொல்றது? ஒன் குப்பையில போன பொங்கலுக்குப் போட்ட கரும்புச் சக்கை இன்னும் கெடக்கு. நான் கண்ணாலப் பாத்தேன்."

"எதுக்குண்ணே எங்குப்பைய வந்து பாத்தீக?"

இரண்டு குப்பைகளின் வரலாறும் தெருவுக்கு வந்தது. எது சூடாக இருக்கும், எதில் ஆவி பறக்கும், எந்த வருஷம் எந்தக் குப்பையை உரமாக அடித்த காட்டில் பருத்தி எப்படி வெடித்தது என்று எல்லாம் பேசினார்கள். என் பட்டத்தைப் பற்றியோ என் ஆய்வேட்டைப் பற்றியோ யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் இரண்டிலிருந்தும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் செய்தேன்.

மறுநாள் விடியும் நேரம் எடுக்கப் போனால், சித்தப்பா தன் குப்பையின் ஒரு மூலையில் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அரிசி களைந்த கழனித்தண்ணி.

"என்ன சித்தப்பா இது?"

"சும்மாதான் மகனே. பரீச்சைக்குப் போற புள்ளைக்கு ஒரு வாய் ஊட்டுறதில்லையா?"

அவர் ஊட்டாத மூலையிலிருந்து எடுத்தேன். அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொடலப்பா, நான் தொடவே இல்ல," என்று பஸ் வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே நின்றார்.

இந்தத் தடவை இரண்டு குப்பை மண்ணுக்கும் தனித்தனியாகப் பாட்டில்களை மூடிவிட்டு, நகர்த்தாமல் விட்டேன். முதல் அளவையிலேயே சர்க்கரைக் கோடு எழுந்தது. அடுத்ததில் என் உப்பின் கோடு தரையை விட்டு ஒரு துளி மேலே வந்தது. நான் நம்பவில்லை, மறுபடி அளந்தேன். அதற்கடுத்த அளவையில் யாரும் சந்தேகப்பட முடியாதபடி ஏறியது. கிருமிகள் என் உப்பைத் தின்றுகொண்டிருந்தன. நான் அத்தனை நாள் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து, தூசி படாமல் பாதுகாத்து வைத்திருந்ததை! எனக்கு வந்த சந்தோஷத்தில் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மக்கிருச்சுப்பா! பூராவும் மக்கிக்கிட்டு வருது!"

அப்பா டீக்கடையில் இருந்தார் போலிருக்கிறது. எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கடையில் பேச்சு நின்றது. பிறகு எனக்குத் தெரியாத ஒரு குரல், மிகவும் இரக்கத்தோடு வந்தது. "மனசு விட்றாதப்பா. அடுத்த தடவ கெடாம நல்லா வரும்."

"யோவ், மக்குனாத்தான்யா அவன் பாஸு," என்று அப்பா அவரை அதட்டிவிட்டு, போனுக்கு வாயைக் கிட்டக் கொண்டுவந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "யாரு குப்பையிலப்பா?"

"நான் இங்கதாண்ணே இருக்கேன்," என்றது சித்தப்பாவின் குரல்.

வரைபடத்தைப் பார்த்தேன். சித்தப்பாவின் கோடு கொஞ்சம் முந்தி எழுந்திருந்தது. அப்பாவின் கோடு பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "கடைசியில ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான்ப்பா வருது," என்றேன்.

"மொதல்ல கெளம்புனது எதுலே?" என்றார் சித்தப்பா. சிக்னல் இல்லாத மாதிரி "ஹலோ, ஹலோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குழு கூடிய அன்று கோடுகளைக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"இதைக் கிருமிதான் தின்னுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? உங்க உப்பு தண்ணியில தானா உடைஞ்சிருக்கலாம் இல்லையா? உயிர் இல்லாத மண்ணுல ஒரு தடவ வச்சுப் பார்த்தீங்களா?"

அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அந்த வார்த்தை தலைப்பிலிருந்து கழன்று விழுவது என் கண்ணுக்கே தெரிந்தது. மேடத்தைப் பார்த்தேன். மேடம் முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அந்த முதல் செட்டைக் காட்டேன்ப்பா," என்றார்.

தரையோடு தரையாகக் கிடந்த அந்தக் கோட்டைக் காட்டினேன். ஒரு மாதம் முழுக்க, ஒரு துளி அசைவு இல்லாமல். அது அம்மாவின் மண்.

"பரவாயில்லையே," என்றார் பேராசிரியர். "இவ்வளவு சுத்தமா ஒரு கிருமிகூட இல்லாம வர்றது கஷ்டம். ஸ்டெரிலைஸ் எப்படிப் பண்ணினீங்க?"

"இரும்புப் பாத்திரத்துல உலர் சூடு சார்."

"என்ன வெப்பம், எவ்வளவு நேரம்? அதை ஆய்வேட்டுல சேர்த்துருங்க. தலைப்பு அப்படியே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். தலைப்பு நிலைத்ததைச் சொன்னேன். அப்புறம் கேட்டேன்.

"அம்மா, அந்த மண்ண எவ்வளவு நேரம் வறுத்த?"

"மறுபடி என்னய்யா? திட்டுறாகளா?"

"இல்லம்மா, எழுதணுமாம்."

"எழுதணுமா? மணம் வர்ற வரைக்கும் வறுத்தேன். அப்புறம் அந்த மணமும் போயிரும்ல, போனதும் எறக்கிட்டேன்."

அந்த வெப்பத்தை எந்த அலகில் எழுதுவது? மேடத்திடம் கேட்டால், திரும்ப வறுத்து அளந்துவிடலாம் என்றார். பாத்திரக் கடையில் ஓர் இரும்புச் சட்டி வாங்கி வந்தேன். காட்டு மண்ணை அப்பா மறுபடி அனுப்பினார், சலிக்காமல், வெயிலில் காயப்போடாமல். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, ஸ்டாண்டில் செல்போனை நிறுத்தினேன். மேடம் ஒரு கையில் வெப்பமானியை மண்ணுக்குள் நட்டுப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கரண்டியோடு நின்றார். நான் வெப்பத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரையைக் கூர்ந்து பார்த்தார். மரியாதையாக மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், தீயக் கொறைங்க. கைவிடாமக் கிண்டுங்க, அடி பிடிச்சிரும்."

மேடம் தீயைக் குறைத்தார்.